பேய்க்குப் பயந்து பிழைத்த நாற்பத்தொன்று

ஸ்ரீபெரும்புதூர்
7-7-1991

ஜெபகுமாருக்கு,

தோத்திரம் போடல. போட மனசு வரல.

உன் ரெண்டு கடுதாசியும் வந்துது. மொதலாவதைப் பிரிக்கவே இல்ல. ரெண்டாவதை உங்க மாமா பிரிச்சிப் படிச்சிட்டு, "பாவம் ரத்னா, கூடப் பொறந்தவன் அழுது எழுதிகீறான், ரெண்டு வரி போடு"ன்னாரு. ஷிப்ட் முடிச்சிட்டு வந்து சோறு கூட துன்னாம சொன்னாரு. அந்த மனுஷன் முகத்துக்காக எழுதறேன். உனக்காக இல்ல.

"தெரியாம செஞ்சிட்டேன்"னு எழுதிகீற. எட்டு வருஷம் ஒரே ரூம்ல, ஒரே செவப்பு லைட்டுல என் பக்கத்துல நின்னவன் நீ. உனக்கு இன்னாடா தெரியாது? மறந்துட்டன்னா நானே சொல்றேன், கேளு.

ஒரு ரோலுக்குப் பன்னெண்டு படம். கம்பெனி வேலைக்கு பாஸ்போர்ட் சைஸ் எடுக்க வரவன் நாளைக்கே வேணும்பான். பன்னெண்டும் முடியறவரைக்கும் எவன் காத்துகினு இருப்பான்? எட்டு எடுத்ததும் ரோலை உருவிக் கழுவியாகணும். மிச்சம் நாலு. அந்த நாலுக்குத்தான் நான் கேமராவத் தூக்கிகினு வெளிய ஓடுவேன். கோயில் வாசல்ல பூ கட்டற சுந்தராம்பாள். பிள்ளைப்பாக்கத்துலேர்ந்து வந்து கம்பெனி பஸ்ஸுக்கு நிக்கற பொண்ணுங்க. செங்கல் லாரி மேல குந்திகினு வெத்தல போடற ஆளு. யாரும் கேட்டு எடுத்ததில்ல, யாருக்கும் விக்கறதுக்கு எடுத்ததில்ல. எனக்கே எனக்குன்னு எடுத்தது. எட்டு வருஷத்துல முந்நூறு நெகட்டிவ் சேந்துது, அந்த பிஸ்கட் டின்ல.

நான் மண்ணூருக்குக் கல்யாணத்துக்குப் போன ஒரே நாள்ல, கலர் ஸ்டூடியோ வைக்க எடம் வேணும்னு அலமாரிய காலி பண்ணிட்ட. பழைய கஸ்டமர் நெகட்டிவ் மூட்டையோட அந்த டின்னையும் கோதண்டராமனுக்குத் தூக்கிக் குடுத்துட்ட. அவரு படம் கழுவின ஹைப்போ தண்ணி வாங்கறவரு. ஃபிலிம்ல கீற வெள்ளிய உருக்கி எடுக்கறவருக்கு சுந்தராம்பாள் மூஞ்சி எதுக்குடா? எடை போட்டு எடுத்துகினு போயிட்டாரு.

திரும்ப எடுத்துக்கலாம்க்கான்னு சண்டையில சொன்ன பாரு, அது இன்னும் காதுல கீது. மே மாசம் குண்டு வெடிச்சதுக்கு அப்புறம் இந்த ஊர்ல ரோட்டுல கேமராவ நீட்டினா கடைக்காரனெல்லாம் எழுந்து நிக்கறான். எங்கடா திரும்ப எடுக்கறது? அந்தப் பொண்ணுங்கள்ல பாதி கல்யாணம் ஆயி எங்கியோ போயிட்டாங்க.

நீ கலர் லேப்லயே நல்லா இரு. பதில் போடாத.

ரத்னா


சூளை, சென்னை
15-7-1991

அன்பும் மரியாதையும் உள்ள அக்காவுக்கு, தம்பி ஜெபகுமார் தோத்திரத்துடன் எழுதுவது. இவ்விடம் நான் சுகம். அவ்விடம் தாங்களும் மாமாவும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். நிற்க.

பதில் போட வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். திட்டி எழுதினாலும் பரவாயில்லை, கையெழுத்தைப் பார்த்ததும் சந்தோஷமாகத்தான் இருந்தது. கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே லேப்புக்குப் போனேன்.

அக்கா, நான் செய்தது தப்பு. சாக்கு ஒன்றும் சொல்ல மாட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் கோதண்டராமனைத் தேடிக்கினு கொண்டித்தோப்புக்குப் போனேன். மொபெட்ல ரெண்டு பக்கமும் கேன் கட்டிகினு அப்பதான் கெளம்பினாரு. வழிமறிச்சேன். "தம்பி, நான் வாங்கறவன், கழுவறவன் நான் இல்ல. மூட்டைய சேட்டு குடோன்ல போட்டா என் வேலை முடிஞ்சுது"ன்னாரு. சேட்டு குடோனுக்குப் போனா, அவரு காஞ்சிபுரம் வரைக்கும் கீற எல்லா ஆஸ்பத்திரி எக்ஸ்ரேவும் எங்கிட்டதான் வருது, அதுல உன் டின்ன நான் எங்க தேடுவேன்னு சிரிக்கிறாரு. அங்கேர்ந்து நாலு எடத்துக்குப் பிரிச்சிக் கழுவ அனுப்புவாங்களாம். எங்க எங்கன்னு சொல்ல மாட்டேங்கறாரு. தொழில் ரகசியமாம்!

காஸ்டிக் போட்ட கொதிக்கற தண்ணியில ஃபிலிமை ஊற வெப்பாங்களாம். தேய்ச்சா படமெல்லாம் சேறா எறங்கிடும். சேத்துல வெள்ளி. மேல நிக்கற வெறும் பிளாஸ்டிக்கு சட்டைக் காலருக்குள்ள வைக்கப் போவுதாம். இதை உனக்கு எழுதணுமான்னு ராத்திரி பூரா யோசிச்சேன். மறைச்சா அது இன்னும் பெரிய தப்புன்னு தோணுச்சு.

ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் தேடப் போறேன். கெடைக்காதுன்னு நீ சொல்லுவ. தெரியும். ஆனாலும் போறேன்.

இங்க லேப்ல மிஷின் ஒரு மணி நேரத்துல நூத்துக்கணக்குல படம் துப்புது. கறுப்பா இருக்கறவனையும் மிஷின் ரோஸ் கலராக்கிடுது. சூப்பர்வைசர்கிட்ட கேட்டேன். "கஸ்டமருக்குப் புடிக்குது, உனக்கு இன்னா?"ன்னாரு. எனக்கு ஒண்ணுமில்லதான்.

கீழ்ப்படிதலுள்ள தம்பி,
ஜெபகுமார்


ஸ்ரீபெரும்புதூர்
3-8-1991

குமாருக்கு,

நிற்கவாம்! நின்னுகினே படிக்கணுமா நானு?

தேடறேன் தேடறேன்னு அலையாத. கொதிதண்ணியில போனது போனதுதான். சேத்தத் தோண்டி மூஞ்சிய எடுக்க முடியுமா? ஞாயித்துக்கெழமையாவது வேளைக்குச் சாப்புடு. உங்க மாமா நீ எளைச்சிருப்பன்னு சொல்லிகினே கீறாரு, பாக்காமலே.

நான் இப்பல்லாம் மிச்ச ஃபிரேம் எடுக்கறதில்ல. எட்டு எடுத்தா நாலு சும்மா வெளுப்பா போவுது. அதைக் கழுவி வெளிச்சத்துல தூக்கிப் பாத்தா கண்ணாடி மாதிரி கீது. வவுறு எரியுது. ஆனா வாசல் தாண்ட கால் வரல.

தடிப் பேப்பர் ஒரு பாக்கெட் பிரிக்காம வெச்சிருந்தேனே, பெரிய சைஸ் பிரிண்ட் போடறதுக்குன்னு? அதை வித்துடலாமான்னு பாக்கறேன். வெலையெல்லாம் ஏறிப்போச்சு, நல்லா போவும். நமக்கு எதுக்கு இனிமே.

ரத்னா


சூளை, சென்னை
8-9-1991

அக்கா, அக்கா, அக்கா!

நிற்க எல்லாம் இல்ல. உக்காந்து படி. தண்ணி குடிச்சிட்டுப் படி. பேப்பரை வித்துடாத!

கெடைச்சிட்டுது. எல்லாம் இல்ல. நாப்பத்தொண்ணு.

ஒம்பதாவது ஞாயித்துக்கெழமை இது. கோதண்டராமனுக்கே என்னைப் பாத்து பாவமா போச்சு போல. "பழைய வண்ணாரப்பேட்டையில ராஜம்மான்னு ஒருத்தி கழுவுறா, கேட்டுப் பாரு, நான் சொன்னேன்னு சொல்லாத"ன்னாரு. தேடிக்கினு போனேன். தகரக் கொட்டாய். வாசல்ல ரெண்டு பெரிய அண்டா. எக்ஸ்ரே ஃபிலிம் மலையா குமிஞ்சிகீது. நடுவுல ஒரு அம்மா, அறுபது வயசு இருக்கும், தும்பைப்பூ மாதிரி தலை மொத்தமும் நரைச்சிப் போயிருக்கு. கையில கிழிஞ்ச ரப்பர் கிளவுஸ். காஸ்டிக் பட்டு வெரலெல்லாம் வெந்து கெடக்கு.

"ஜூன் மாசம் மூஞ்சி மூஞ்சியா ஒரு டின் ஃபிலிம் வந்துதாம்மா?"ன்னு கேட்டேன். அந்தம்மா என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, "நீ யாரு, மந்திரவாதியா?"ன்னு கேட்டுது.

எனக்கு ஒண்ணும் புரியல. அப்புறம் அதுவே சொல்லுச்சு. அப்படியே எழுதறேன், கேளு.

"நா இருவது வருசமா கழுவறேன். எலும்பு, நெஞ்சுக்கூடு, மண்டை ஓடு, எல்லாம் பாத்துட்டேன். எலும்புக்கு இன்னா பயம்? எலும்பு எல்லாருக்கும் கீது. அன்னிக்கி அந்த டின்னத் தொறந்தேன் பாரு, எப்பா! கறுத்த மூஞ்சி, வெள்ள முடி, பல்லு கன்னங்கரேல்னு. கண்ணுக்கு நடுவுல வெள்ளப் பொட்டு. சின்னப் பொண்ணு மாதிரி கீது, தலை பூரா நரைச்சிகீது. பேயில்லாம இன்னா? பக்கத்துல பாக்கறதெல்லாம், அங்க இங்க பாக்கறதெல்லாம் அண்டாவுல போட்டுட்டேன். நேரா என்னையே மொறைச்சதுங்க பாரு, அதுங்களப் போட கை வரல. பேயை வெந்நில போட்டா சும்மா வுடுமா? என் பேத்திக்கு அப்பதான் காச்சலு வேற."

அதனால மஞ்சத்துணியில முடிஞ்சி, வேப்பிலை வெச்சி, சாமி படத்துக்கு எதுக்க தொங்க வுட்டுகீது அக்கா! வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை சூடம் வேற காட்டுதாம், "வந்த வழியே போயிடுங்க"ன்னு. சேட்டு எடை கொறையுதேன்னு கேட்டப்போ எலி கடிச்சிட்டுதுன்னு சமாளிச்சிகீது.

நான் அங்கியே சிரிச்சிட்டேன். சிரிக்கச் சிரிக்க அழுகை வந்துட்டுது. அந்தம்மா பயந்து போயி தண்ணி குடுத்துது.

ஆனா தர மாட்டேங்குது. "இதுங்க உசுரோட கீற மனுசங்கன்னு நீ சொன்னா ஆச்சா? எனக்கு அத்தாட்சி வேணும். பேயை அவுத்து வுட்டுட்டு நா எங்க போவேன்?"ன்னு கேக்குது. நியாயம்தானே? நான் கெஞ்சினேன். கடைசியில ஒரே ஒண்ணு எடுத்துக் குடுத்துது. "இதுதான் இருக்கறதுலயே பொல்லாதது. பாத்தாலே நடுங்குது. இதை மனுசனாக்கிக் காட்டு, மத்ததைத் தரேன்"ன்னுது. துணியோட முடிஞ்சிதான் குடுத்துது. என் வூட்டுலயும் பிரிக்காத, நேரா உரியவங்க கையில சேத்துடுன்னு என் தலையில அடிச்சி சத்தியம் வாங்கிகிச்சு. அதனால நானும் பாக்கல. அப்படியே இந்தக் கவர்ல ரெஜிஸ்தர் பண்ணி அனுப்பறேன்.

பிரிண்ட் போட்டு அனுப்பு அக்கா. அந்த தடிப் பேப்பர்ல போடு.

இன்னொண்ணு. இங்க ஒரு போட்டோ சங்கம் வருஷா வருஷம் எக்ஸிபிஷன் வைக்குது. கறுப்பு வெள்ளைக்குன்னு தனிப் பிரிவு கீது. அதை நடத்தற இராமச்சந்திரன் சார் நம்ம லேப்புக்கு வருவாரு. "வர்றது ஆறே பேர் படம், இந்த வருஷத்தோட மூடிடலாம்னு கமிட்டியில சொல்றாங்க"ன்னு வருத்தப்பட்டாரு. ஃபாரம் வாங்கி வெச்சிருக்கேன். இப்ப ஒண்ணும் சொல்லாத. மொதல்ல பேயை மனுஷனாக்கு.

ஜெபகுமார்


ஸ்ரீபெரும்புதூர்
17-9-1991

என் தம்பி குமாருக்கு, தோத்திரம்.

பேய் நீதான்டா!

மஞ்சத்துணிய நான் டார்க் ரூம்ல பிரிக்கல, பயத்துல வாசல்லயே பிரிச்சேன். வெளிச்சத்துல தூக்கிப் பாத்தேன். வாயப் பொளந்துகினு கன்னங்கரேல்னு பல்லு. யாருன்னு தெரியல. நெகட்டிவ்ல கறுத்த மூஞ்சியாவே எட்டு வருஷம் பாத்த எனக்கே தெரியலன்னா, அந்தம்மா பயந்ததுல தப்பே இல்ல. டிரேயில பேப்பரைப் போட்டு ஆட்டினேன். மொதல்ல ரெண்டு காது வந்துது. அந்தக் காதை எங்க பாத்தாலும் தெரியாதா எனக்கு? அப்புறம் சிரிப்பு வந்துது. கஸ்டமர் மூஞ்சிக்கு வெளிச்சம் திருப்பற தெர்மாகோல் அட்டையத் தூக்கிகினு வெயில்ல நிக்கற, பத்தொம்பது வயசு உனக்கு. காத்துல அட்டை பறந்துது, நீ கத்திச் சிரிச்ச. மிச்ச ஃபிரேம்ல நான் உன்னை எடுத்திருந்தேன்னு எனக்கே மறந்து போச்சு.

நாலு பிரிண்ட் போட்டேன். ஒண்ணு இதோட கீது. ஒண்ணை உங்க மாமா எடுத்துகினு கம்பெனிக்கே போயிட்டாரு, லைன்ல எல்லார்கிட்டயும் காட்டறதுக்கு.

இப்ப ஒண்ணு எழுதணும். ரெண்டு நாளா பேனாவத் தொறந்து தொறந்து மூடறேன்.

உன் படத்தைத் தண்ணியில அலசிகினு இருந்தப்ப டின்னு ஞாபகம் வந்துது. அதோட மூடி ஞாபகம் வந்துது. மூடி மேல ஒட்டின காயிதம் ஞாபகம் வந்துது. "வேஸ்ட்"னு எழுதியிருந்துது. எழுதினது நான்.

நீதான் கணக்குப் பாப்ப. ரோலுக்கு நாலு படம் எங்க போவுதுன்னு கேட்டுகினே இருப்ப. "சும்மா எரிஞ்ச ஃபிரேமுடா, வெள்ளிக்குப் போட வெச்சிகீறேன்"னு ஒரு நாள் வாய்க்கு வந்த பொய்ய சொன்னேன். நீ நம்பணும்னு அன்னிக்கே காயிதத்துல கொட்டை எழுத்துல எழுதி ஒட்டினேன். இதெல்லாம் ஆசைக்கு எடுத்தேன்னு சொல்ல வெக்கம். ஸ்டூடியோ வெச்சிருக்கறவ ஆசைக்கு ஃபிலிம் எரிச்சான்னா ஊர் சிரிக்காதா? எட்டு வருஷம் நானே அதை வேஸ்ட்னு சொல்லிட்டு, நீ வேஸ்ட்டுன்னு நெனச்சி வித்ததுக்கு உன்னை வூட்டை வுட்டே தொரத்திட்டேன்.

சண்டையில நீ சொல்லியிருக்கலாம். கடுதாசியில எழுதியிருக்கலாம். "நீதானேக்கா எழுதின?"ன்னு ஒரே ஒரு வரி. நான் வாய மூடிகினு இருந்திருப்பேன். நீ எழுதல. சாக்கு சொல்ல மாட்டேன்னு மட்டும் எழுதின. இப்பதான்டா அந்த வரி எனக்குப் புரியுது.

எப்படிடா சும்மா இருந்த? நான் பெரியவ, எனக்கு அந்த கொணம் இல்லியே. கர்த்தர் உன்னை எனக்குத் தம்பியா குடுத்தாரே, அதுக்கு நான் இன்னா செஞ்சேன்?

ராஜம்மாவுக்கு என் கும்பிடு சொல்லு. அவங்க வெரலுக்குப் போட தேங்காயெண்ண ஒரு பாட்டில் மாமாகிட்ட குடுத்தனுப்பறேன்.

உன் அக்கா
ரத்னா


சூளை, சென்னை
26-9-1991

அக்காவுக்கு,

படத்தை எடுத்துகினு போயி ராஜம்மா எதுக்க நின்னேன். படத்தையும் பாத்துது, என்னையும் பாத்துது. "வாயத் தொற"ன்னுது. தொறந்தேன். படத்து பக்கத்துல என் தலைய வெச்சி பாத்துட்டு, "ஐய, நீயா அது? இத்தினி நாளா உனுக்கா சூடம் காட்டினேன்?"ன்னு என் முதுகுல ஒண்ணு வெச்சிது பாரு, இன்னும் வலிக்குது. அப்புறம் மூட்டையை அவுத்து ஒவ்வொண்ணா வெளிச்சத்துல தூக்கி, "அப்ப இது சின்னப் பொண்ணா? கறுத்த முடியா? இவ எங்க கீறா? கல்யாணம் ஆச்சா?"ன்னு கேட்டுகினே இருந்துது. நாப்பதுக்கும் நான் பதில் சொன்னேன். சுந்தராம்பாளுக்கு மட்டும் கையெடுத்துக் கும்புட்டுது, தெரியாம சாபம் வுட்டுட்டேன்னு.

எல்லாம் மாமாகிட்ட குடுத்தனுப்பறேன். மஞ்சள் கறை சிலதுல கீது. கீறலும் கீது.

நீ கேட்டதுக்கு பதில். நான் ஒண்ணும் பெரிய மனசுக்காரன் இல்லக்கா. சண்டை அன்னிக்கி வாய் வரைக்கும் வந்துது. அப்ப உன் மூஞ்சியப் பாத்தேன். எம்மேல கோவமா இருந்தா நீ திட்டுவ, கத்துவ, சரியாயிடும். அந்தக் காயிதத்தை ஞாபகப்படுத்தினா உன் கோவம் உன்மேலயே திரும்பும். அதை உன்னால தாங்க முடியாது. என்னைத் திட்டறதே தேவலைன்னு வுட்டுட்டேன்.

இன்னொரு காரணமும் கீது. அதுதான் நெஜமான காரணம். மூடி மேல இன்னா எழுதியிருந்தா இன்னா? தூக்கிக் குடுக்கறதுக்கு முன்ன நான் ஒரு தடவை தொறந்து பாத்திருக்கலாம். எட்டு வருஷம் பக்கத்துலயே இருந்துது, ஒரு நாள் தொறந்து பாக்கல. படிக்காத ராஜம்மா தொறந்து பாத்துது. பயந்தாலும் ஒவ்வொரு மூஞ்சியா பாத்துது. நான் பாக்கல. அதுதான் தப்பு, அது என் தப்புதான்.

ஃபாரம் இதுல வெச்சிருக்கேன். பன்னெண்டு படம் கேக்கறாங்க. ஒரு ரோல்!

ஜெபகுமார்


சூளை, சென்னை
2-12-1991

அக்காவுக்கு, தோத்திரம்.

மழையில நீ வர முடியாம போச்சு, ரோடெல்லாம் தண்ணின்னு மாமா சொன்னாரு. அதனால ஒண்ணு விடாம எழுதறேன்.

பன்னெண்டும் மாட்டிட்டாங்க. ஒண்ணைக்கூட தள்ளல. பரிசு இல்ல, அதை மொதல்லயே சொல்லிடறேன். அது ஒரு டாக்டர் எடுத்த மலைப் படத்துக்குப் போச்சு, நல்ல படம்தான். ஆனா ஜனம் நின்னது நம்ம செவுத்துக்கிட்ட. பன்னெண்டு பேரும் நேரா பாக்கறாங்களா, தாண்டிப் போக முடியல ஒருத்தராலும். நான் ஓரமா நின்னு கவனிச்சேன். கலர் பக்கம் பாத்துகினே நடக்கறவங்க இங்க வந்ததும் கால் நின்னுடுது.

இராமச்சந்திரன் சார் ரொம்ப நேரம் பாத்தாரு. மஞ்சள் கறை பட்ட எடத்துல சுந்தராம்பாள் நெத்தி வெளுப்பா வந்துதே, அதைக் காட்டி இது எப்படின்னு கேட்டாரு. மஞ்சத்துணியில முடிஞ்சி சூடம் காட்டினதுன்னு சொன்னேன், முழிச்சாரு. "முந்நூறுல இந்த முகங்களைப் பொறுக்கி எடுத்தது யாரு? நல்ல கண்ணு வேணும் அதுக்கு"ன்னாரு. நான் ராஜம்மாவைக் காட்டினேன்.

ஆமா, வந்திருந்துது! பேத்திய இடுப்புல வெச்சிகினு, நல்ல புடவை கட்டிகினு. வாட்ச்மேன் தடுத்திருக்கான். "யோவ், உள்ள கீறவங்கெல்லாம் மூணு மாசம் என் வூட்டுல இருந்தவங்க, வுடு"ன்னு சொல்லிட்டு வந்துட்டுது. ஒவ்வொரு படத்துக்கு முன்னாலயும் நின்னு, "நல்லாகீறியாம்மா"ன்னு கேட்டுது. யாரும் சிரிக்கல அக்கா. ஒரு காலேஜ் பையன் மட்டும் கண்ணைத் தொடைச்சிகினான்.

கமிட்டியில கறுப்பு வெள்ளைப் பிரிவு அடுத்த வருஷமும் உண்டுன்னு முடிவாச்சு. உன்னால மட்டும்னு சொல்ல மாட்டேன், அந்தப் பையனோட சேத்து காலேஜ் பசங்க மூணு பேரு இந்த வருஷம் புதுசா அனுப்பினாங்க. அவங்கதான் வந்து கேட்டாங்க, நெகட்டிவ் குடுத்தா உங்க அக்கா பிரிண்ட் போட்டுத் தருவாங்களான்னு. லேப்ல எங்கியும் போட்டுத் தர மாட்டேங்கறாங்களாம். நான் விலாசம் குடுத்திருக்கேன். தப்பா?

ராஜம்மா உன்னைப் பாக்கணுமாம். அனுப்பட்டுமா?

ஜெபகுமார்


ஸ்ரீபெரும்புதூர்
15-12-1991

குமாருக்கு, அக்காவோட தோத்திரம். மாமாவும் சொன்னாரு.

அனுப்பட்டுமான்னு கேட்டுட்டு என் பதிலுக்கு முன்னாலயே அனுப்பிட்ட. போன வாரம் சனிக்கெழமை ராஜம்மா பஸ் ஸ்டாண்டுல எறங்கி "போட்டோ ரத்னா வூடு எது"ன்னு கேட்டுகினே வந்துட்டாங்க. நான் யாரு இன்னான்னு கேக்கறதுக்குள்ள, சுந்தராம்பாளைப் பாக்கணும்னாங்க. கோயில் வாசலுக்குக் கூட்டிகினு போனேன். ரெண்டு கெழவிங்களும் ஒண்ணையொண்ணு பாத்துகினு நின்னாங்க. ராஜம்மா ஒரு மொழம் பூ வாங்கி, சுந்தராம்பாள் தலையிலேயே வெச்சி வுட்டுட்டு, "மன்னிச்சிக்கோ"ன்னாங்க. எதுக்குன்னு சுந்தராம்பாளுக்கு இன்னி வரைக்கும் தெரியாது. நானும் சொல்லல.

சோறு போட்டேன். அந்த வெந்த கையால பெசஞ்சி சாப்புட்டாங்க. எத்தினி ஆயிரம் படத்தைத் தேய்ச்சிக் கரைச்ச கை அது! அதே கைதான் என்னோட நாப்பத்தொண்ணைக் கரையேத்துச்சு. பயத்துலதான் செஞ்சாங்க, தெரியும். பயமோ பக்தியோ, நான் நன்றி சொல்லியாகணும் இல்ல? காலைத் தொடப் போனேன், "ஐயே, இன்னாம்மா இது"ன்னு எழுந்து ஓடறாங்க.

கேமராவுல ரோல் இருந்துது. காலையில கம்பெனி பசங்க ஒம்பது பேருக்கு எடுத்தது. மிச்சம் மூணு. ஜூனுக்கு அப்புறம் மொத மொதல்ல மிச்ச ஃபிரேமுக்குக் கேமராவக் கையில எடுத்தேன் குமாரு. வாசல் தாண்டினேன். டீக்கடைக்காரன் எழுந்து நின்னான். நின்னா நில்லுன்னு வுட்டுட்டேன். ராஜம்மாவ வெயில்ல குந்த வெச்சேன். தெர்மாகோல் அட்டையப் புடிக்க நீ இல்ல, டீக்கடைக்காரனையே புடிக்கச் சொன்னேன். இப்ப முறைப்பானா? "நேரா பாருங்கம்மா"ன்னேன். "எனக்குத் தெரியாதா, உன் ஆளுங்க எல்லாம் எப்படிப் பாத்தாங்கன்னு"ன்னு சொல்லிட்டு பாத்தாங்க பாரு ஒரு பார்வை, எனக்கே கொஞ்சம் நடுங்கிடுச்சு.

சாயங்காலத்துக்குள்ள கழுவி பிரிண்டும் போட்டுட்டேன். படத்தை வாங்கிப் பாத்துட்டு "ம், வயசாயிட்டுது"ன்னு வெச்சிட்டாங்க. நெகட்டிவைக் காட்டச் சொன்னாங்க. ஜன்னல்ல தூக்கிப் புடிச்சிப் பாத்துட்டு கத்தினாங்க, "யம்மா, எனக்கு முடி கறுத்துப் போச்சும்மா!"

நரைச்ச தலை அதுல கறுப்பாத்தானே தெரியும்? "இதைக் குடு, அந்தப் படத்த நீயே வெச்சிக்கோ"ன்னுட்டாங்க. ஸ்டூடியோ தொறந்த நாள்லேர்ந்து ஒரு நெகட்டிவைக்கூட நான் வெளிய குடுத்ததில்ல, உனக்குத் தெரியும். குடுத்துட்டேன். மஞ்சத்துணியில முடிஞ்சி மடியில வெச்சிகினு பஸ் ஏறினாங்க.

அவங்க படம் நம்ம செவுத்துல கீது, உன் படத்துக்குப் பக்கத்துல. காலேஜ் பசங்க ரெண்டு பேர் நேத்து நெகட்டிவோட வந்தாங்க. பெரிய சைஸ் கேக்கறாங்க. தடிப் பேப்பர் இன்னும் ரெண்டு பாக்கெட் வேணும், எழும்பூர்ல விசாரிச்சி வை. நீ லேப் வேலைய வுடணும்னு நான் சொல்லல. கலரும் ஒரு தொழில்தான். ஆனா கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் லீவு கேளு. நீ தூங்கற பெஞ்சை யாருக்கும் குடுக்கல.

புது பிஸ்கட் டின் ஒண்ணு வாங்கிகீறேன். நாப்பத்தொண்ணும், ராஜம்மாவ எடுத்த மூணுல மிச்ச ரெண்டும் உள்ள கீது. மேல ஒட்ட காயிதமும் வெட்டி வெச்சிட்டேன். இன்னா எழுதறதுன்னு எனக்குத் தெரியல. போன தடவை எழுதினவ லட்சணம் தெரிஞ்சதுதானே?

நீ வந்து தொறந்து பாரு. ஒவ்வொண்ணா பாரு. பாத்துட்டு நீயே எழுது.

உன் அக்கா,
ரத்னா